மடக்குபோனின் பொய்த்திறன்

எதிரி தானாக வந்து கையில் விழுவான் என்று சங்கமித்ரா நினைத்துப் பார்த்ததில்லை. அதுவும் இப்படி, முத்திரை வைத்த ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், வாயை மூடிக்கொண்டு.

உறைமேல் ஒட்டியிருந்த சீட்டை இரண்டாம் தடவை படித்தாள். மடக்கு வகைக் கைபேசி, பழையது. உரிமையாளர் தணிகாசலம், தொழிற்சாலைக் கண்காணிப்பாளர். கோரப்படும் ஆய்வு: வசதிகளும் செயல்திறனும். வழக்கு: ஒரகடத்தில் பிரஸ் மெசினில் சிக்கி ரமா என்ற தொழிலாளி இறந்தது.

ரமா என்ற தொழிலாளி. சீட்டு எழுதியவருக்கு அவ்வளவுதான். சங்கமித்ராவுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா.

"இன்னா மித்ரா, பல்லைக் காட்டுற? பழைய சாமான் வந்தா உனக்கு எரிச்சல்தானே வரும்?" என்றான் பக்கத்து மேசை நஸீர்.

"இது நல்ல சாமான். இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

கோர்ட்டுக்குப் போகும் சாதனங்களைச் சோதிக்கிற அந்த ஆய்வகத்தில் யாருக்கும் அவள் எதையும் சொன்னதில்லை. அக்கா செத்தபோதுகூட "சொந்தத்துல ஒரு சாவு" என்று சொல்லித்தான் விடுப்பு எடுத்தாள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், உங்கள் வீட்டில் என்ன சாமி என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கல்லூரியிலேயே அவளுக்கு அலுத்துவிட்டது. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்த அன்றைக்கே வாயை மூடவும் கற்றுக்கொண்டாள்.

தணிகாசலத்தின் பெயரை மட்டும் அவள் மறக்கவில்லை. அக்கா சொல்லுவாள்: "போன்ல பேசுனா அந்தாளு வாயில தேன் ஒழுகும்டி. நேர்ல வந்தா என் பேரே அவனுக்குத் தெரியாது. சாதியச் சொல்லித்தான் கூப்புடுவான்."

போனில் தேன் ஒழுகியதற்குக் காரணம் தணிகாசலம் அல்ல. மதுரவாணி.

விற்கிற ஒவ்வொரு போனிலும், தொழிலாளி காதில் மாட்டுகிற ஒவ்வொரு காதுக்கருவியிலும், பொது இடத்து ஒலிபெருக்கியிலும் மதுரவாணி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. எதிர்முனையில் இருப்பவன் எப்படிக் கத்தினாலும், அது காதுக்குள் விழுவதற்கு முன்னால் மதுரவாணி அதைப் பிடித்துக் கழுவித் துடைத்து, அவன் குரலிலேயே, பண்பான பேச்சாக மாற்றிவிடும். வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுக்க வசவு வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்போது ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். நாட்டில் கெட்ட வார்த்தையே ஒழிந்தது என்று மேடை போட்டு மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒழிந்தது காதில். வாயில் அது புழுத்துப் பெருகியது. என்ன பேசினாலும் இனிப்பாகத்தான் போய்ச் சேரும் என்று தெரிந்த பிறகு எவன் நாக்கைக் கட்டுவான்? பேச்சுக்கு நடுவில் பக்கத்தில் இருப்பவரிடம் வேறு எதையாவது சொல்வதாக இருந்தால் போனைக் கையால் பொத்திக்கொள்கிற பழக்கமும் போய்விட்டது. பக்கப் பேச்சை மதுரவாணி இரைச்சல் என்று தள்ளிவிடும்.

கழுவின பேச்சுதான் பதிவாகும். கழுவாதது அந்த நொடியிலேயே அழிந்துவிடும். கோர்ட்டுக்குப் போனாலும் கழுவினதுதான் சாட்சி.

ரமா ஒருமுறை தணிகாசலத்தின் மேல் புகார் கொடுத்தாள், சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறான் என்று. நிர்வாகத்து அறையில் அவளை உட்கார வைத்துப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். "ரமா அவர்களே", "தயவுசெய்து", "நன்றி". சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நேரில் திட்டியதற்குச் சாட்சி கேட்டார்கள். தணிகாசலம் சாமி படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அன்றைக்கு ரமா அழுதுகொண்டே தங்கச்சிக்குப் பேசினாள். சங்கமித்ராவின் காதில் அந்த அழுகைகூட விழவில்லை. "கொஞ்சம் மனசு சரியில்லடி" என்று அக்கா நிதானமாகச் சொன்னது போலத்தான் கேட்டது.

அப்புறம் அந்த விபத்து. இரும்புத் தகடு அமுக்குகிற பிரஸ் மெசினில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக் கதவைக் கழற்றியிருந்தார்கள். எவனோ கரண்டைப் போட்டுவிட்டான். ரமா உள்ளே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் மேல்தளத்தில் இருந்து அவள் காதுக்கருவிக்குப் பேசினான். பதிவில் இருந்தது ஒரே வாக்கியம்: "ரமா அவர்களே, தயவுசெய்து பணியைத் தொடருங்கள்."

தொடர்ந்தாள். மெசின் இறங்கியது.

தணிகாசலத்தைக் கைது செய்தார்கள். ஜாமீனில் வெளியே வந்தவன், நான் அப்படிச் சொல்லவே இல்லை, என் பழைய போனில் நான் பேசியது பதிவாகியிருக்கிறது என்றான். மதுரவாணி பிறப்பதற்கு முந்தைய போன் அது. அதில் கழுவுகிற வசதி கிடையாது. கோர்ட் சொன்னது: முதலில் அந்தப் போனை நம்பலாமா என்று சோதித்து வாருங்கள். நம்பலாம் என்றால் பதிவைக் கேட்போம். இல்லையென்றால் குப்பை.

நம்பலாமா கூடாதா என்று எழுதப்போகிற கை சங்கமித்ராவுடையது.

*

போனின் முத்திரையை உடைக்கும்போது உரிமையாளர் எதிரில் இருக்கவேண்டும் என்பது ஆய்வக வழக்கம். தணிகாசலம் வந்தான். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மேடம் எந்த ஊரு?"

"இங்கதான்." அவள் தலையைத் தூக்கவில்லை. "இந்தக் காலத்துல ஏன் இதை வெச்சிருக்கீங்க?"

"கையில கிளவுசு போட்டிருப்பேன் மேடம். இப்ப வர்ற போனுங்கள கிளவுசோட தொட்டா பொணம் மாதிரி கெடக்கும். இது பட்டன். அமுக்குனா அமுங்கும். எண்ணெய்த் தொட்டியில விழுந்துருக்கு, மாடியில இருந்து விழுந்துருக்கு. தூக்கித் தொடச்சா, 'சொல்லு'ங்கும்."

"நம்ம டைரக்டர் மேடத்தவிட உறுதி போல" என்று முணுமுணுத்தான் நஸீர்.

"எல்லாக் காலும் ஏன் பதிவாகுது?"

"மேல இருக்குறவன் காலையில ஒண்ணு சொல்லிட்டு சாயங்காலம் நான் சொல்லவே இல்லம்பான் மேடம். அதுக்காக அப்பவே போட்டு வெச்சது." குரல் இறங்கியது. "அது இன்னைக்கு என் உயிரக் காப்பாத்தணும். நான் அந்தப் பொண்ணை வேலை பாருன்னு சொல்லல. கத்துனேன் மேடம். நல்லதுக்குத்தான் கத்துனேன்."

நல்லதுக்கு.  இந்த ஊரில் எவன்தான் கெட்டதுக்குக் கத்தினான்?

"வெளிய உக்காருங்க. கூப்புடுறோம்."

அவன் போனதும் போனைத் திறந்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தது போல. கீல் தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தாள். தளரவில்லை. திறந்து மூடும் எந்திரத்தில் மாட்டிவிட்டாள், எந்திரம்தான் சூடானது. பேட்டரி உப்பியிருக்கும் என்று பார்த்தாள். தட்டையாக, கல் போல இருந்தது. ஒருதரம் சார்ஜ் போட்டால் இப்போதைய போன்கள் எல்லாம் செத்து விழுந்த பிறகும் விழித்துக்கொண்டிருக்கும் ஜாதி. திரை சின்னது, மங்கல், வெயிலில் மட்டும் அதிசயமாகத் தெளிவு. கேமரா என்று ஒன்று இருந்தது. அதில் எடுத்த நஸீரின் முகம் தோசைக்கல் போலிருந்தது. மைக் மட்டும், இரைச்சலுக்கு நடுவில் கிசுகிசுத்ததைக்கூட அப்படியே பிடித்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பாழாய்ப்போன போன் எல்லாவற்றிலும் தேறிக்கொண்டே வந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஓட்டை போதும். கடைசியில் கிடைத்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் போனின் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தான் பிறந்த வருஷத்துக்கே போய் நின்றது.

"கெடச்சுது" என்றாள். "நேரம் நிக்கல. எந்தப் பதிவு என்னைக்கு ஆச்சுன்னு இதை வெச்சு நம்ப முடியாது. பெயில்."

நஸீர் எட்டிப் பார்த்தான். "அது அந்தக் காலத்துப் போன் எல்லாத்துக்கும் இருக்குற வியாதிதான். டவர் கணக்குல ஒத்துப் பார்த்தா நேரம் தெரிஞ்சுடும். போன வருஷம் நீயே அப்படித்தானே ஒண்ணைப் பாஸ் பண்ண?"

"போன வருஷம் போன வருஷம்."

"உனக்கும் அந்தாளுக்கும் எதுனா வாய்க்கால் தகராறா?"

"எழுதுற கை என்னுது நஸீர்."

 அவன் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டான்.

மிச்சம் இருந்தது அழைப்புச் சோதனை ஒன்றுதான். போனுக்குள் இருந்த பதிவுகளை எல்லாம் கேட்காமலே படியெடுத்து முத்திரை வைத்தாகிவிட்டது. கேட்கக் கூடாது, போன் தேறிய பிறகுதான் உள்ளே இருப்பதைக் கேட்கவேண்டும், இல்லையென்றால் கேட்டது கையை ஆட்டுவிக்கும் என்பது விதி. பழைய போன்கள் பேசுகிற அலைவரிசையில் ஒரு கீற்றை மட்டும், மின்சார மீட்டருக்கும் லிப்டு மணிக்கும் வேண்டும் என்று இன்னும் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆய்வகத்தின் சோதனைச் சிம்மைப் போட்டாள். தன் எண்ணுக்கு வரும் அழைப்புகள் இதற்கு வரும்படி திருப்பிவிட்டாள். யாராவது கூப்பிட்டால் சத்தம் எப்படி என்று குறித்துக்கொண்டு கதையை முடித்துவிடலாம்.

கூப்பிட்டது சுகுணா மேடம்.

ஆய்வகத்தின் இயக்குநர். எல்லோரையும் கண்ணா என்பார். பிறந்தநாளை நினைவு வைத்து கேக் வாங்கி வருவார். சங்கமித்ராவின் வேலை உறுதியானபோது கன்னத்தைத் தட்டி, "உன்னை மாதிரிப் பிள்ளைங்க மேல வரணும்டா" என்று கண் கலங்கியவர்.

"ஹலோ மித்ரா கண்ணா, அந்தப் போன் எந்த அளவுல இருக்கு?"

வழக்கமான பட்டுக் குரல்தான். சங்கமித்ரா வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரல் வேறு பக்கம் திரும்பியது. திரும்பியும் நின்றுபோகவில்லை. தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

"இவதான் சார். செத்தவளோட சொந்தத் தங்கச்சி. வெளிய சொல்லிக்கல, நாமளே தோண்டி எடுத்தது. அதனாலதான் இவ மேசையில போட்டேன். இருக்குற வெறிக்கு இவளே பெயில் பண்ணிடுவா. நாளைக்கு எவனாவது நோண்டினாலும், தங்கச்சிக்காரி பழி வாங்கிட்டான்னு போயிடும். மதுரவாணி மேல ஒரு தூசு படாது."

ஓர் ஆண் குரல் சிரித்தது. "அந்த ஜனங்களுக்குக் கோவத்துக்கா பஞ்சம்? அதுவாவது நமக்கு உபயோகப்படட்டும்."

"மித்ரா கண்ணா, லைன்ல இருக்கியாடா?"

சங்கமித்ரா போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். 

"இருக்கேன் மேடம். கடிகாரத்துல ஒரு கோளாறு."

"அப்படியா? அது போதுமேடா. அதோட நிறுத்திக்கோ. உள்ள இருக்கறத நீ கேட்கவே வேண்டாம்."

"சரிங்க மேடம்."

போனை மூடினாள். 'டக்'.

"மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றான் நஸீர்.

 கோபம் அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயடியில் பிறந்த கோபம் அது. விடுதியில், நேர்காணலில் எல்லாம் கூடவே வளர்ந்தது. தன்னுடையது என்று அவளுக்கு இருந்த ஒரே சொத்து. அதைப் போய் அடியாள் போலக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். கத்தியைச் செய்தவள் அவள். பிடி வேறு எவன் கையிலோ.

அப்படி என்னதான் இந்தப் போனுக்குள் இருக்கிறது?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தாள். கீல்: உறுதி. பேட்டரி: நன்று. மைக்: மிக நன்று. கடிகாரம்: குறை உண்டு, டவர் நேரத்தோடு ஒத்துப் பார்த்ததில் பதிவுகளின் நேரம் சரி. கடைசிப் பத்தி, இந்த ஆய்வகத்தின் பிரத்யேகப் பத்தி: பொய்த்திறன். அதாவது இந்தச் சாதனம் தானாக ஒரு குரலை மாற்றவோ, வெட்டவோ, ஒட்டவோ, இல்லாததைச் சொல்லவோ முடியுமா?

இல்லை, என்று எழுதினாள். இதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"பெயில்னு சொன்ன?" என்றான் நஸீர்.

"நஸீர், செத்துப்போன ரமா என் அக்கா."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அதனால நான் மட்டும் சோதிச்சா செல்லாது. நீ முதல்ல இருந்து மறுபடி பண்ணு. உனக்கு என்ன வருதோ அதைத் தனியா எழுது. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்."

அவன் அவள் கையில் இருந்த போனை வாங்கிக்கொண்டான். கீலில் இருந்து ஆரம்பித்தான். அவனுக்கும் அதுவேதான் வந்தது.

*

போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டார்கள். பதிவில் முதலில் மெசின்களின் உறுமல். பிறகு ஒரு பெண் குரல்.

"சொல்லுங்க சார்."

சங்கமித்ராவுக்கு அது யார் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. வேலைக்குப் போன நாளில் இருந்து அக்காவோடு அவள் பேசியதெல்லாம் போனில்தான். கழுவின குரல், கலகலவென்ற குரல். இந்தக் குரல் கரகரத்தது. தூக்கம் இல்லாத, தொண்டை வற்றின, வயதான குரல். நல்லா இருக்கேன்டி, நல்லா இருக்கேன்டி என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது இந்தத் தொண்டையா?

அடுத்து தணிகாசலம். "ஏய்!" சாதிப் பெயர். அதோடு ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இரண்டு வார்த்தைகள். "கைய எடுடி! மெசின்ல கரண்ட் வந்துடுச்சு! தொடாத, செத்துப் போவ, சனியனே, கைய எடுடீ!"

தொண்டை கிழியக் கத்தினான்.

ரமா பணிவாகச் சொன்னாள்: "சரிங்க சார்."

மெசின் இறங்கிய சத்தத்தில் நஸீர் காதைப் பொத்திக்கொண்டான். சங்கமித்ரா பொத்தவில்லை. முழுவதையும் கேட்டாள்.

கழுவின பதிவின் வாக்கியத்தை இதோடு ஒத்துப் பார்த்துவிட்டு நஸீர் பேசினான். "அவங்க காதுல இது விழவே இல்ல மித்ரா. சாதிப் பேரு வசவு, தூக்கிடுச்சு. சனியனே, தூக்கிடுச்சு. செத்துப் போவன்னு சொன்னது கொலை மிரட்டல்னு தூக்கிடுச்சு. மிரட்டலோட ஒட்டியிருந்த 'கரண்ட் வந்துடுச்சு', 'கைய எடு' எல்லாம் போயிடுச்சு. மிச்சம் ஒண்ணும் இல்ல. சும்மா விட்டா லைன் செத்தமாதிரி இருக்கும்னு, சூப்பர்வைசர் வழக்கமா என்ன சொல்லுவாரோ அதை அவர் குரல்லயே போட்டு நிரப்பிடுச்சு."

"பணியைத் தொடருங்கள்."

"ஆமா."

சங்கமித்ராவுக்கு அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பின்னால் இருந்து கேட்கும்: "எருமைங்களா, கண்ணு அவிஞ்சா போச்சு? சாவப் போறீங்களாடி? வண்டி வருது பாரு!" அந்த வசவுதான் அவளையும் அக்காவையும் வளர்த்து ஆளாக்கியது. உயிரைக் காக்கிற பேச்சு இந்த ஊரில் என்றைக்குச் சர்க்கரை தடவி வந்திருக்கிறது? அதை ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள், கடுமையான சொல்லெல்லாம் தீயது என்று. ஒரு நாளாவது தண்டவாளம் தாண்டியிருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதைத்தான் மதுரவாணிக்காரர்கள் மறைக்கப் பார்த்தார்கள். கொன்றது அவர்கள் தேன்.

சரி. அதற்காகத் தணிகாசலத்தை விட்டுவிடுவதா? அவள் மறுபடியும் அந்த முதல் வார்த்தையைக் கேட்டாள். மெசினுக்குள் ஒரு பெண் கை வைத்திருக்கிறாள், உயிர் போகப் போகிறது. அந்த அவசரத்திலும் அவன் வாயில் முந்திக்கொண்டு வந்தது அவள் பெயர் இல்லை.

*

தணிகாசலம் வரவேற்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"போன் தேறிடுச்சு" என்றாள். "நீங்க எச்சரிச்சது பதிவாயிருக்கு. கோர்ட்டுக்குப் போகும்."

அவன் முகம் உடைந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "நான் சொன்னேன்ல மேடம்! எவனும் நம்பல. நீங்க தெய்வம் மேடம், நீங்க நல்லா இருக்கணும்."

"முழுசா போகும். முதல் வார்த்தையில இருந்து."

தூக்கிய கை அப்படியே நின்றது.

"அது... ஒரு வேகத்துல வந்தது மேடம். வாய்ப் பழக்கம். மனசுல ஒண்ணும் கெடையாது. அதை மட்டும் வெட்டிடுங்க. 'கைய எடு'ல இருந்து போட்டாப் போதுமே."

"வெட்டினா இது பொய் சொல்லத் தெரிஞ்ச போன் ஆயிடும். அப்புறம் நீங்க கத்தினதையும் எவனும் நம்ப மாட்டான்."

"வன்கொடுமைக் கேசுல போட்ருவாங்க மேடம். ஊர்ல தலை காட்ட முடியாது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்..."

"அவ புகார் குடுத்தப்ப, அந்த வார்த்தையச் சொல்லவே இல்லன்னு சாமி படத்துல கை வெச்சீங்களே, அப்பவும் வாய்ப் பழக்கமா?"

அவன் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து, நன்றாகப் பார்த்தான். நெற்றி, மூக்கு, தாடை. திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது.

"உங்களுக்கு எப்படி அது..."

"எந்த ஊருன்னு கேட்டீங்கல்ல? அவ ஊருதான். அவ தங்கச்சி."

 அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"என்னைப் பெயில் பண்ணியிருக்கலாமேம்மா நீ."

"பண்ணத்தான் உக்காந்தேன்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"எதுவும் பண்ண வேணாம். சாட்சி வேணாம்னு நீங்க எழுதிக் குடுத்தா இதைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அவளைக் கொன்னவன்னு உள்ள போகலாம். வேணும்னா, அவளைத் திட்டினவன்னு போகலாம். ரெண்டுல எது வசதியோ பாத்துக்குங்க."

அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கவேண்டும் என்று நின்றாள். அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையைக் கண்ணால் தின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

*

அறிக்கை முத்திரையோடு நேரே கோர்ட்டுக்குத்தான் போகும். இயக்குநரின் கைக்கு வராது. அதனால் வழக்கு விசாரணைக்கு வந்த அன்று சுகுணா மேடம் மூன்றாம் வரிசையில், பட்டுப்புடவையில், நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதுரவாணி கம்பெனியின் ஆள். கூண்டில் ஏறிய சங்கமித்ராவைப் பார்த்து, பயப்படாதே கண்ணா என்பது போலத் தலையசைத்தார்.

"போன் நம்பத்தக்கது" என்று சங்கமித்ரா சொன்னதும் அந்தத் தலை நின்றது.

போனை ஏற்கக் கூடாது என்று வாதாட வந்திருந்த மதுரவாணியின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இந்த அம்மா இறந்துபோனவரின் தங்கை. எங்களுக்குத் தகவல் இருக்கிறது. பழிவாங்கும் எண்ணத்தோடு சோதித்த அறிக்கையை எப்படி ஏற்பது?"

"தங்கச்சிதான் ஐயா" என்றாள். "அறிக்கையில முதல் வரியே அதுதான். பழி வாங்கணும்னா பெயில்னு எழுதியிருப்பேன். என் எதிரிக்குச் சாதகமா எழுதியிருக்கேன். என்னை நம்ப வேணாம், கூட வேலை செய்யுற நஸீர் தனியா சோதிச்சு எழுதினதும் இருக்கு."

நீதிபதி பதிவைப் போடச் சொன்னார். ஊழியர் ஒருவர் போனைக் கோர்ட் அறையின் ஒலிபெருக்கியில் இணைத்தார். சங்கமித்ரா தடுக்கவில்லை. அந்த அறையின் ஒலிபெருக்கியிலும் சட்டப்படி மதுரவாணி இருந்தது.

நாலு மூலையில் இருந்தும் தணிகாசலத்தின் குரல் தேனாக வழிந்தது. "ரமா அவர்களே, தயவுசெய்து பணியைத் தொடருங்கள்."

"இதுதானே ஏற்கெனவே இருக்கிறது?" என்றார் நீதிபதி, சலிப்போடு.

"ஒயரைப் பிடுங்கிட்டு, போனோட சொந்த ஸ்பீக்கர்லயே போடச் சொல்லுங்க ஐயா. அதே பதிவுதான்."

பிடுங்கினார்கள். நகத்தளவு ஒலிபெருக்கி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். "ஏய்!" என்று அது அலறியது. அந்தச் சாதிப் பெயர் வழக்கு மன்றத்தின் நடுவில் வந்து விழுந்தது, கழுவாமல், துடைக்காமல். தணிகாசலம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவன் வக்கீல் அவன் தோளைத் தொடவில்லை. கைய எடுடி, கைய எடுடீ என்று போன் கெஞ்சி முடித்தது. "சரிங்க சார்" என்றாள் ரமா. மெசின் இறங்கியது.

யாரோ விசும்பினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தலைக்குமேல் இருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தன் காதிலேயே அது என்ன சொன்னது என்பதை நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இந்தப் போனில் வேறு பதிவுகள் ஏதேனும் உண்டா?"

"ஒண்ணு இருக்குங்க ஐயா. அழைப்புச் சோதனை நடக்கும்போது வந்தது. செயல்திறன் பகுதியில கடைசி வரியாக் குறிச்சிருக்கேன்."

மூன்றாம் வரிசையில் புடவை சரசரத்தது. சுகுணா மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், நாகரிகமாக, குனிந்தபடி வெளியேறிக்கொண்டிருந்தார். கை கதவின் பிடிக்குப் போய்விட்டது.

நீதிபதி தலையசைக்க, சங்கமித்ரா ஊழியரிடம் இருந்து போனை வாங்கிப் பட்டனை அமுக்கினாள். கிளவுசு போட்ட கைக்கும் அமுங்குகிற பட்டன்.

"ஹலோ மித்ரா கண்ணா" என்று பின்னால் இருந்து தன் குரலே தன்னைக் கூப்பிட, அவர் அப்படியே நின்றார்.